ஈசியு ரீமேப்பும் வாரண்டியும்: பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினால் தடயம் மறைந்துவிடுமா?

மூன்றாம்_கியர்

வணக்கம். என்னிடம் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸும் கொண்ட ஒரு ஹாட் ஹேட்ச் இருக்கிறது. வாங்கி 14 மாதங்கள் ஆகின்றன. வாரண்டியில் இன்னும் 22 மாதங்கள் பாக்கி. ஸ்டேஜ் 1 ரீமேப், அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியுவின் மென்பொருளை மட்டும் மாற்றி எழுதும் வேலையை, செய்துகொள்ள வேண்டும் என்ற ஆசை ஓராண்டாகவே உறுத்திக்கொண்டிருக்கிறது. நான் அணுகிய ட்யூனர், டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) கால் பங்குக்கு மேல் கூடும் என்றும், எந்தப் பாகத்தையும் கழற்ற வேண்டியதில்லை என்றும், சர்வீஸுக்கு விடுவதற்கு முந்தைய நாள் வந்தால் ஒரிஜினல் ஃபைலைத் திரும்ப ஏற்றித் தருவதாகவும், அதன் பிறகு டீலரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்றும் அடித்துச் சொல்கிறார்.

அந்தக் கடைசி வாக்குறுதிதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. உண்மையிலேயே எதுவும் தெரியாதா? தெரிந்துவிட்டால் முழு வாரண்டியும் போய்விடுமா, அல்லது எஞ்சின், கியர்பாக்ஸ் மட்டும்தானா? இந்த வேலையை உள்ளிருந்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய_பட்டறை

நான் 11 ஆண்டுகள் ஒரு டீலர் பட்டறையில் இருந்தவன். கடைசி 5 ஆண்டுகள் வாரண்டி க்ளெய்ம் கோப்புகளைத் தயாரிப்பதுதான் என் வேலை. எனவே மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரிஜினல் ஃபைலை ஏற்றினால் ஃபைல் ஒரிஜினல் ஆகிவிடும். ஈசியு ஒரிஜினல் ஆகிவிடாது. பெரும்பாலான நவீன ஈசியுக்களில் அதன் நினைவகம் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை தனியாகப் பதிவாகிறது. சில தயாரிப்பாளர்களின் கார்களில் எந்தப் பட்டறைக் குறியீட்டிலிருந்து எழுதப்பட்டது என்பதும் சேர்ந்தே பதிவாகும். டீலர் தரப்பில் ஒரு முறைகூடப் புதுப்பிக்கப்படாத காரில் அந்த எண் 4 என்று காட்டினால், யாரோ ஏற்றி இறக்கியிருக்கிறார்கள் என்பதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை.

அடுத்தது சிவிஎன் எனப்படும் சரிபார்ப்பு எண். ஈசியு தனக்குள் இருக்கும் அளவீட்டுத் தரவு முழுவதையும் கணக்கிட்டு ஒரு எண்ணாகச் சுருக்கித் தருகிறது. காரின் கோளாறுகளைப் படிக்க உதவும் ஓபிடி நெறிமுறையின் 9ஆவது சேவையில் எந்தச் சாதாரண ஸ்கேனரும் இதைக் கேட்டு வாங்கலாம். ஒரிஜினல் ஃபைல் திரும்பியதும் இந்த எண்ணும் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் நடுவில் ஒரு முறை, ஏதோ கதவுப் பூட்டுக் கோளாறுக்காகக் காரைக் கொண்டுவந்திருப்பீர்கள். டெக்னீஷியன் டயக்னாஸ்டிக் கருவியைச் செருகியிருப்பார். இணையத்தோடு இணைந்த அந்தக் கருவி காரில் உள்ள எல்லா மாட்யூல்களின் எண்களையும் தயாரிப்பாளரின் சர்வருக்கு அனுப்பியிருக்கும். டெக்னீஷியன் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவர் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டார். ஒப்பிட்டுப் பார்ப்பது சர்வரின் வேலை. வட அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன், ஆடி வைத்திருப்பவர்கள் "டிடி1" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாற்றப்பட்ட மென்பொருள் கண்டறியப்பட்ட காரின் பெயரில் விழும் குறி அது. ஒரு டீலரிடம் விழுந்தால் எல்லா டீலர்களின் திரையிலும் தெரியும். காரை விற்றாலும் சேஸிஸ் எண்ணோடு ஒட்டிக்கொண்டே போகும்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. முந்தைய நாள் ஃபைலை மாற்றும்போது பழுதுக் குறியீடுகளும் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிடும். குறியீடுகள் அழிக்கப்பட்ட பிறகு கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எஞ்சின் எத்தனை முறை சூடேறியிருக்கிறது என்ற இரண்டு கணக்குகள் ஈசியுவில் உண்டு. டர்போவில் சத்தம் வருகிறது என்று ஒருவர் கொண்டுவந்த காரின் திரையில் "அழித்த பின் ஓடிய தூரம்: 11 கிலோமீட்டர்" என்று நின்றது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய வீட்டுக்கும் எங்கள் பட்டறைக்கும் அவ்வளவு தூரம்தான். அவரிடம் நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அந்தத் திரையைப் படமெடுத்துக் கோப்பில் வைத்தேன்.

நாக்_சென்சார்

நான் ட்யூனர் தரப்பு. பட்டறை ஐயா சொன்னதில் பெரும்பகுதியை மறுக்க மாட்டேன். "கண்டுபிடிக்கவே முடியாது" என்று சொல்லும் ட்யூனரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள் என்று என் வாடிக்கையாளர்களிடம் நானே சொல்வேன். ஈசியுவைக் கழற்றி மேசையில் வைத்து எழுதும்போது எண்ணிக்கை ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், சிவிஎன் பழைய எண்ணையே சொல்லும்படியும் செய்யலாம். ஆனால் அது பூட்டுக்கும் பூட்டுத் திறப்பவனுக்கும் இடையிலான போட்டி. இன்று ஜெயிக்கும் வித்தை அடுத்த ஆண்டு அப்டேட்டில் தோற்றுப்போகும், உங்கள் கார் அப்போதும் வாரண்டியில் இருக்கும்.

நான் பேச விரும்புவது வேறு விஷயம். எல்லாரும் தடயத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். அந்த ஃபைலுக்குள் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை.

ஈசியுவில் பல நூறு மேப்கள், அதாவது எண் அட்டவணைகள், இருக்கின்றன. நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஈசியு அதை "இவ்வளவு டார்க் வேண்டும்" என்ற கோரிக்கையாகத்தான் புரிந்துகொள்கிறது. அந்த டார்க்குக்கு எவ்வளவு காற்று, அந்தக் காற்றுக்கு எவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), எவ்வளவு எரிபொருள், எந்த டிகிரியில் ஸ்பார்க் என்று கணக்கு கீழே இறங்கிக்கொண்டே போகும். வழி நெடுகிலும் வரம்புகள் காவலுக்கு நிற்கும்: கியர்பாக்ஸ் வரம்பு, பூஸ்ட் வரம்பு, வெளியேறும் வாயுவின் வெப்ப வரம்பு. ஒழுங்கான ட்யூனர் இந்தச் சங்கிலி முழுவதையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி மாற்றுவார், வெப்பக் காவலைத் தொடவே மாட்டார். அவசரக்காரர் என்ன செய்வார் தெரியுமா? இத்தனை வரம்புகளையும் தளர்த்துவதற்குப் பதிலாக, ஈசியு தான் உண்டாக்கும் டார்க்கைக் குறைவாகக் கணக்கிடும்படி ஒரே ஒரு மேப்பைத் திரித்துவிடுவார். எஞ்சின் 450 நியூட்டன்-மீட்டர் தந்துகொண்டிருக்கும். ஈசியுவோ 350 என்று நம்பிக்கொண்டிருக்கும்.

இது இரட்டை கிளட்ச் காரில் மிக மோசமான பொய். ஏனெனில் கிளட்ச் தட்டுகளை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதை கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர், எஞ்சின் ஈசியு கேன் பஸ் என்ற காரின் உள் தகவல் இணைப்பில் அனுப்பும் டார்க் எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறது. 350 என்று கேட்டு 350க்கான அழுத்தத்தைக் கொடுத்திருக்கும் நேரத்தில் 450 வந்து மோதினால் தட்டுகள் வழுக்கும். முதலில் உங்களுக்குத் தெரியாது. மூன்றாம் கியரில் முழு மிதியில் டேக்கோமீட்டர் முள் வேகத்தை விடச் சற்று முந்திக்கொண்டு ஓடும், அவ்வளவுதான். பிறகு எண்ணெயில் கருகல் வாடை வரும். கியர்பாக்ஸுக்குள் வழுக்கல் கணக்கும் கிளட்ச் வெப்பநிலைக் கணக்கும் தனியே பதிவாகின்றன. எஞ்சின் ஈசியுவில் எவ்வளவு சாமர்த்தியமாகத் தடயத்தை அழித்தாலும், பக்கத்தில் இருக்கும் இந்தக் கம்ப்யூட்டர் சாட்சி சொல்லிவிடும்.

உங்கள் கியர்பாக்ஸின் மாடல் எண்ணைப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தை எடுத்துக்கொண்டால், உலர் கிளட்ச் டிக்யூ200 தாங்குமென்று வடிவமைக்கப்பட்டது 250 நியூட்டன்-மீட்டர், ஆறு கியர் ஈர கிளட்ச் டிக்யூ250க்கு 350, டிக்யூ500க்கு 600. 350ஐத் தாங்க வேண்டிய பெட்டிக்குள் 450ஐ அனுப்புகிறோம் என்பதை அறிந்து அனுப்புவது ஒரு வகை, அறியாமல் அனுப்புவது இன்னொரு வகை. டீலர் அதைக் கவனிக்காமல் விட்டாலும் தட்டுகள் கவனிக்கும்.

மூன்றாம்_கியர்

இருவருக்கும் நன்றி. கியர்பாக்ஸ் விஷயத்தை அந்த ட்யூனர் வாயே திறக்கவில்லை. அப்படியென்றால் ஈசியுவையே தொடாமல், சென்சார் வயரில் இடையில் செருகும் பிக்கிபேக் பெட்டி எப்படி? மென்பொருளில் கை வைக்காததால் எழுதிய எண்ணிக்கையும் மாறாது, சிவிஎன் எண்ணும் மாறாது அல்லவா?

பழைய_பட்டறை

அந்த இரண்டும் மாறாதுதான். ஆனால் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பூஸ்ட் சென்சார் சொல்லும் அழுத்தத்தைக் குறைத்து ஈசியுவிடம் சொல்கிறது. "இன்னும் போதவில்லை" என்று நினைத்த ஈசியு டர்போவை மேலும் முடுக்குகிறது. ஒரு சென்சாரிடம் பொய் சொல்லலாம். மற்றவை எல்லாம் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஒரு க்ளெய்மைச் சொல்கிறேன். 220 பிஎச்பி வகை கார், மிஸ்ஃபயர் புகார். மென்பொருள் சுத்தம். பழுதுக் குறியீடு விழுந்த கணத்தில் மற்றச் சென்சார்கள் என்ன சொல்லின என்பதை ஈசியு அப்படியே உறைய வைத்துச் சேமிக்கும். நாங்கள் ஃப்ரீஸ் ஃபிரேம் என்போம். அதில் காற்றோட்ட சென்சாரின் எண் விநாடிக்கு 240 கிராம் என்று இருந்தது. விநாடிக்கு ஒரு கிராம் காற்றுக்கு ஏறக்குறைய 1.25 பிஎச்பி என்பது பட்டறைகளில் புழங்கும் தோராயக் கணக்கு. 220 பிஎச்பி எஞ்சினுக்கு 176 கிராம் போதும். 240 கிராம் காற்று உள்ளே போனால் வெளியே வருவது 300. அதே ஃபிரேமில் பூஸ்ட் அழுத்தமோ தொழிற்சாலை அளவைத் தாண்டவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வழியில்லை.

பிறகு பானட்டைத் திறந்து பூஸ்ட் சென்சாரின் கனெக்டரைப் பார்த்தேன். இரண்டு வருடத் தூசி படிந்த வயரிங்கில் அந்த ஒரு கனெக்டர் மட்டும் பளிச்சென்று இருந்தது. பக்கத்துக் குழாயில் கேபிள் டை இறுக்கிய இடத்தில் தூசியில்லாத ஒரு சிறு வளையம். கார்க்காரர் பெட்டியைக் கழற்றிவிட்டு வந்திருந்தார், வளையத்தைக் கழற்ற முடியவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண சர்வீஸில் யாரும் இப்படித் தேட மாட்டார்கள். எண்ணெய் மாற்ற வந்த காரின் கனெக்டரில் தூசி இருக்கிறதா என்று பார்க்க எந்த டெக்னீஷியனுக்கும் நேரமில்லை. தேடல் தொடங்குவது பெரிய தொகைக்கான க்ளெய்ம் வரும்போதுதான். அதாவது, தடயம் அகப்படாத நாட்களெல்லாம் உங்களுக்கு வாரண்டி தேவைப்படாத நாட்கள்.

சட்டக்கண்

நுகர்வோர் வழக்குகளைப் பார்ப்பவன் என்ற முறையில் "வாரண்டி போய்விடும்" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வாரண்டி என்பது ஊதினால் ஒரேயடியாக அணைந்துவிடும் விளக்கு அல்ல. ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு க்ளெய்ம், ஒவ்வொரு க்ளெய்முக்கும் தனித் தீர்ப்பு. நீங்கள் செய்த மாற்றம் அந்தக் குறிப்பிட்ட பழுதுக்குக் காரணமா என்பதே நியாயப்படி எழ வேண்டிய கேள்வி.

அமெரிக்காவில் எல்லாரும் மேற்கோள் காட்டும் மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் 1975இல் வந்தது. எங்கள் பிராண்டு பாகத்தையோ சேவையையோதான் காசு கொடுத்துப் பயன்படுத்த வேண்டும், இல்லையேல் வாரண்டி கிடையாது என்று தயாரிப்பாளர் நிபந்தனை போடுவதை அது தடுக்கிறது. வெளிப் பாகம் இருக்கிறது என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி மறுக்க முடியாது, பழுதுக்கு அதுவே காரணம் என்று காட்ட வேண்டும். ஆனால் இந்தச் சட்டத்தை ரீமேப்புக்குக் கேடயமாகத் தூக்கிப் பிடிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து வாங்கிய காற்று வடிகட்டிக்கும் உடைந்த ஜன்னல் மோட்டாருக்கும் தொடர்பில்லை என்று காட்டுவது எளிது. எஞ்சினின் டார்க்கைக் கால் பங்கு கூட்டிய ஃபைலுக்கும் உருகிய பிஸ்டனுக்கும் தொடர்பில்லை என்று வாதிடப் போகிறவரை நீதிபதி எப்படிப் பார்ப்பார் என்று எண்ணிப் பாருங்கள். தொடர்பை நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது என்றாலும், நீங்கள் செய்த மாற்றமே அவர்களுடைய வேலையைப் பாதி முடித்துத் தந்துவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2 ஆண்டுக் கால சட்டப்பூர்வ உத்தரவாதம் விற்பனையாளரின் பொறுப்பு. 2019/771 நெறிமுறைப்படி முதல் ஓராண்டுக்குள் தெரியவரும் குறை, காரை ஒப்படைத்தபோதே இருந்ததாக அனுமானிக்கப்படும். தயாரிப்பாளர் தாமாகத் தரும் வாரண்டி இதிலிருந்து வேறு. இரண்டாவதில் அவர் தன் விதிகளை எழுதிக்கொள்ளலாம், "கட்டுப்பாட்டு மென்பொருளில் மாற்றம்" என்பது அந்த விதிகளில் பெரும்பாலும் பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கும். உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் விலக்குகள் என்ற பக்கத்தைத் தயவுசெய்து ஒரு முறை முழுதாகப் படியுங்கள்.

நடைமுறையில் நடப்பது என்ன? டீலர் மறுப்பார். கார் லிஃப்டில் திறந்து கிடக்கும். வழக்குப் போட்டு வெல்ல ஓரிரு ஆண்டுகள் ஆகலாம், அதுவரை கார் வேண்டுமென்றால் பழுதுச் செலவை நீங்கள்தான் கட்டியாக வேண்டும். உரிமை காகிதத்தில் உங்கள் பக்கம் இருக்கும். கார் அவர்கள் பட்டறையில் இருக்கும்.

இன்னும் ஒன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். ட்யூன் செய்ததற்காக ஒருவருடைய க்ளெய்ம் மறுக்கப்படுவது ஒரு விஷயம். ட்யூனை மறைத்து, "எந்த மாற்றமும் செய்யவில்லை" என்று படிவத்தில் கையெழுத்திட்டுப் பணம் பெறுவது வேறு விஷயம். அது ஏமாற்றிப் பெற்ற பணம். முந்தைய நாள் ஃபைலை மாற்றித் தருகிறேன் என்று சொல்பவர் உங்களை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதைப் பாருங்கள். காப்பீட்டுக்கும் இதேதான். பவர் கூட்டியதைச் சொல்லாமல் விட்டால், எஞ்சினுக்கே சம்பந்தமில்லாத விபத்தில்கூட இழப்பீட்டுப் பேச்சு சிக்கலாகிவிடும்.

இரட்டை_கிளட்ச்

சூடு பட்ட பூனையாக எழுதுகிறேன். என் காரும் ஏறக்குறைய இதே வகைதான். ஸ்டேஜ் 1 போட்டு எட்டாவது மாதம், நெடுஞ்சாலையில் ஆறாம் கியரில் 1,800 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருந்தபோது முந்துவதற்காக முழுதாக மிதித்தேன். கியர் இறங்காமல் அப்படியே இழுத்தது. ட்யூன் போட்டபின் எனக்குப் பிடித்த விஷயமே அந்தக் கீழ் ஆர்பிஎம் இழுவைதான். சுத்தியலால் இரும்பைத் தட்டியது போல் ஒரே ஒரு சத்தம். பிறகு கார் மூன்று சிலிண்டரில் நடுங்கியபடி ஓரத்தில் நின்றது.

டீலர் பட்டறையில் கம்ப்ரஷன் பார்த்தார்கள். மூன்றாவது சிலிண்டரைத் தவிர மற்றவை எல்லாம் சரியாக இருந்தன, அதில் மட்டும் மற்றவற்றின் பாதிகூட இல்லை. ஸ்பார்க் ப்ளக் துளை வழியாக கேமராவை விட்டுத் திரையைத் திருப்பி என்னிடமே காட்டினார்கள். பிஸ்டனின் ஓரத்தில் நகத்தால் பிய்த்த பிஸ்கட்டைப் போல ஒரு துண்டு இல்லை. ரிங் பள்ளம் உடைந்து அதோடு சிலிண்டர் சுவரில் நீளமாகக் கீறல். சர்வீஸ் ஆலோசகர் கத்தவில்லை, குற்றம் சாட்டவும் இல்லை. "சார், மென்பொருளைப் பார்த்துவிட்டோம்" என்று மட்டும் சொன்னார். நான் மறுக்கவில்லை. எஞ்சினின் கீழ்ப் பாதி முழுவதற்கும் என் சேமிப்பிலிருந்து கட்டினேன்.

ட்யூனர் தந்த "எஞ்சின் உத்தரவாதம்" என்ற காகிதத்தை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். மென்பொருளில் குறை இருந்தால் மென்பொருளை இலவசமாகத் திருத்தித் தருவோம் என்பதுதான் அதன் முழு அர்த்தம்.

ஆனால் சட்டக்கண் சொன்னதற்கு என் காரே சாட்சி. பெயரில் குறி விழுந்த பிறகும் ஏசி கம்ப்ரஸரையும் பின் கேமராவையும் வாரண்டியில் மாற்றித் தந்தார்கள், ஒரு கேள்வி கேட்கவில்லை. போனது எஞ்சின், டர்போ, கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் வரிசை மட்டும். ஒரு பெர்ஃபார்மன்ஸ் காரில் வாரண்டி வேண்டியிருப்பதே அந்த வரிசைக்குத்தான் என்பது வேறு கதை.

ஏழாயிரம்_ஆர்பிஎம்

கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒரே எஞ்சினை ஒரு மாடலில் 220 பிஎச்பிக்கும் இன்னொரு மாடலில் 300 பிஎச்பிக்கும் தயாரிப்பாளரே விற்கிறார். அந்த 80 பிஎச்பி ஏற்கெனவே நம் எஞ்சினுக்குள் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. விலைப் பட்டியலுக்காக மென்பொருளில் பூட்டிவைத்திருக்கிறார்கள். என் கார் ட்யூனோடு 60,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, எண்ணெய் மாற்றியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

நாக்_சென்சார்

உங்கள் கார் நன்றாக ஓடுவதில் மகிழ்ச்சி. என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோருடைய கார்களும் அப்படித்தான் ஓடுகின்றன, இல்லையென்றால் நான் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. ஆனால் "ஒரே எஞ்சின்" என்பது விளம்பரப் பேச்சு. ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயிலும் கோல்ஃப் ஆர்-இலும் இருப்பது இஏ888 எஞ்சின் குடும்பம்தான். ஆர்-இல் டர்போ பெரியது, ஐஎஸ்20க்குப் பதில் ஐஎஸ்38. பிஸ்டன், சிலிண்டர் ஹெட், எக்ஸாஸ்ட் வால்வு, இன்ஜெக்டர் வரை வேறு. சிறிய டர்போவை வைத்துக்கொண்டு பெரிய டர்போவின் எண்ணைத் துரத்தினால் அது தன் வரம்புக்கு வெளியே சுழலும், காற்றைத் தள்ளுவதைவிடச் சூடாக்குவதுதான் அதிகமாக இருக்கும். முழுக்க முழுக்க மென்பொருளால் மட்டும் பவர் குறைக்கப்பட்ட எஞ்சின்களும் உண்டு. உங்களுடையது அதில் ஒன்றா என்பதைப் பாக எண்களை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும், ஆசையை வைத்துச் சொல்ல முடியாது.

இரட்டை_கிளட்ச் அவர்களே, உங்கள் கதையில் வரும் "1,800 ஆர்பிஎம், ஆறாம் கியர், முழு மிதி, ஒரே ஒரு சத்தம்" என்ற வரிசையைப் படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எல்எஸ்பிஐ, அதாவது குறைந்த வேக முன்பற்றவைப்பு என்பதன் அச்சு அசலான அறிகுறிகள் அவை. நேரடி இன்ஜெக்ஷன் டர்போ எஞ்சின்களில் சிலிண்டர் சுவரில் தங்கும் எண்ணெய்யும் எரிபொருளும் கலந்த துளியோ, கரிப் படிவின் துணுக்கோ, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடுகிறது. சாதாரண நாக் (ஸ்பார்க்குக்குப் பின் கலவை தாறுமாறாக வெடிப்பது) என்றால் சென்சார் கேட்டவுடன் ஈசியு ஸ்பார்க்கைச் சில டிகிரி பின்னே தள்ளிக் காப்பாற்றிவிடும். இங்கே ஸ்பார்க்கே காரணமில்லை என்பதால் பின்னே தள்ள எதுவும் இல்லை. முதல் அடியிலேயே ரிங் பள்ளம் உடையலாம். இது ட்யூன் செய்யாத கார்களிலும் நடப்பதுதான். அதனால்தான் 2018இல் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ, எஸ்என் பிளஸ் என்ற எண்ணெய்த் தரத்தையே இதற்காகக் கொண்டுவந்தது. ஆனால் குறைந்த ஆர்பிஎம்மில் பூஸ்ட்டைக் கொட்டும் ஃபைல் அந்த அபாயத்தைப் பல மடங்காக்குகிறது. நான் எழுதும் ஃபைல்களில் 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கைப் பெரும்பாலும் தொழிற்சாலை அளவிலேயே விட்டுவிடுகிறேன். ஓட்டிப் பார்த்துவிட்டு "கிக் இல்லையே" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும்.

எரிபொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 98 ரான் (ஆக்டேன் எண்) பெட்ரோலுக்கு எழுதிய ஃபைலை 95இல் ஓட்டினால் ஈசியு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஸ்பார்க்கைப் பின்வாங்கிக்கொண்டே இருக்கும். காசு கொடுத்து வாங்கிய பவர் போய்விடும், வெளியேறும் வாயுவின் சூடு மட்டும் மிஞ்சும்.

பழைய_பட்டறை

பதிவுகளைப் பற்றி இன்னொரு சங்கதி. ட்யூனே செய்யாமலும் கார் உங்களைப் பற்றிச் சொல்லும். போர்ஷே 911இல் ஓவர்-ரெவ், அதாவது எஞ்சின் அளவு மீறிச் சுழன்ற கணக்கு ஆறு வரம்புகளாகப் பிரித்துப் பதிவாகும். ஒவ்வொரு வரம்பிலும் எத்தனை ஸ்பார்க் அடித்தது, எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் அடித்தது என்பது வரை இருக்கும். ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு மூன்று ஸ்பார்க். 8,000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 400. ஐந்தாம் கியருக்குப் போட வேண்டியதைத் தவறி மூன்றில் போட்ட அரை நொடிகூட 200 ஸ்பார்க்குகளாக அதில் எழுதப்பட்டுவிடும். பயன்படுத்திய கார் வாங்குபவர்கள் இந்த அறிக்கையைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

2007இல் வந்த நிசான் ஜிடி-ஆர் இன்னும் ஒரு படி மேலே போனது. நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்ப உதவும் லான்ச் கன்ட்ரோலுக்காக நிலைப்புக் கட்டுப்பாட்டை அணைத்து ஓட்டியதால் கியர்பாக்ஸ் உடைந்தால் வாரண்டி பொருந்தாது என்று சொல்லப்பட்டது பெரிய சர்ச்சையாயிற்று. பிறகு லான்ச் கன்ட்ரோலின் மென்பொருளையே மாற்றி மென்மையாக்கினார்கள். காரில் இருக்கும் பொத்தானை அழுத்தியதற்கே இந்தப் பாடு என்றால், காரில் இல்லாத ஃபைலை ஏற்றியதற்கு எவ்வளவு இரக்கம் கிடைக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டக்கண்

மாசுக் கட்டுப்பாட்டையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இதில் எதிர்த்தரப்பு டீலர் அல்ல, அரசு. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடி அம்பலமான பிறகு ஈசியு மென்பொருளைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. கலிஃபோர்னியாவில் 2021 ஜூலை 19 முதல் புகைப் பரிசோதனையின்போது மென்பொருளையும் சரிபார்க்கிறார்கள். அங்கீகாரமில்லாத ஃபைல் இருந்தால் புகை சுத்தமாக இருந்தாலும் கார் தேறாது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு அதன் பின்னாலுள்ள சென்சாரை ஃபைலில் ஊமையாக்கும் ஸ்டேஜ் 2 வேலைகள் வாரண்டிப் பேச்சுக்கே அப்பாற்பட்டவை, அவை சட்ட மீறல்கள்.

நேர்வழிகளும் இல்லாமல் இல்லை. வோல்வோ தன் போல்ஸ்டார் மென்பொருள் மேம்பாட்டை டீலர் வழியாகவே வாரண்டி குலையாமல் தந்தது. பிஎம்டபிள்யூ கார்களுக்கு டைனன் தன் பாகங்களுக்கும் அவற்றால் வரும் சேதத்துக்கும் தானே ஈடுகொடுக்கும் வாரண்டியை எழுதித் தந்தது. பவர் ஏற்றம் அடக்கமாக இருக்கும், செலவு கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் எதற்காக என்பது இதுவரை படித்தவர்களுக்குப் புரியும். உங்கள் மாடலுக்கு அப்படி ஏதேனும் உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

நாக்_சென்சார்

புதிய கார் வாங்கப் போகிறவர்களுக்காக ஒரு சேர்க்கை: ஐநாவின் ஆர்155 இணையப் பாதுகாப்பு விதி ஐரோப்பாவில் 2022 ஜூலையில் புதிய வகைகளுக்கும் 2024 ஜூலையில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. இதனால் ஈசியுக்களின் பூட்டு ஆண்டுக்கு ஆண்டு இறுகுகிறது. சில கார்களில் ஈசியுவைக் கழற்றி, உறையைத் திறந்துதான் எழுத முடியும். அந்த உறையின் பசையை மறுபடி தொழிற்சாலை போல ஒட்டிக் காட்டுபவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மூன்றாம்_கியர்

மூன்று நாட்களாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்று ட்யூனரிடம் போய் இரண்டே கேள்விகள் கேட்டேன். கியர்பாக்ஸுக்குப் போகும் டார்க் எண் உண்மையானதாக இருக்குமா என்றேன். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார். 2,000 ஆர்பிஎம்மில் எவ்வளவு டார்க் வரும், பவரையும் டார்க்கையும் அளக்கும் டைனோ கருவியின் வரைபடத்தைக் காட்ட முடியுமா என்றேன். காட்டினார், வரைபடம் 3,000இலிருந்துதான் தொடங்கியது.

பாக எண்ணைப் பார்த்ததில் என்னுடையது டிக்யூ250 என்று தெரிந்தது. தொழிற்சாலையிலேயே 350 நியூட்டன்-மீட்டர், பெட்டியின் வரம்பும் 350. எனவே இப்போதைக்கு ஃபைலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். 22 மாதங்கள் கழித்துச் செய்வேனா என்று கேட்டால், அநேகமாகச் செய்வேன். ஆனால் கியர்பாக்ஸ் மென்பொருளையும் சேர்த்து எழுதுபவரிடம், உடைந்தால் கட்டுவதற்கான பணத்தைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு. அதுவரை என் காரின் இயல்பான எண்கள் என்ன என்பதையாவது பதிவு செய்து வைக்கலாம் என்று பார்க்கிறேன். வெறுமனே படிக்கும் ஓபிடி கருவியால் வாரண்டிக்கு ஏதும் ஆகாதே?

பழைய_பட்டறை

படிப்பதால் ஒன்றும் ஆகாது, எழுதினால்தான் எண்ணிக்கை ஏறும். எஞ்சின் எண்ணெய் 90 டிகிரியைத் தாண்டிய பிறகு, ஆளில்லாத நீண்ட சாலையில் அல்லது டிராக்கில், மூன்றாம் கியரில் 2,500இலிருந்து ரெட்லைன் வரை ஒரே இழுப்பாக எடுங்கள். காற்றோட்டம், பூஸ்ட், ஸ்பார்க் டிகிரி, ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக்குக்காகப் பின்வாங்கிய அளவு, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை ஆகிய ஐந்தும் போதும். டாங்கில் இருந்தது எந்த ரான் பெட்ரோல், அன்றைய வெயில் எவ்வளவு என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். மூன்றாவது சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகப் பின்வாங்கினால் அந்தப் பதிவை இங்கே போடுங்கள். அது ட்யூன் செய்யாத காரின் குறை, அதற்கு வாரண்டி இருக்கிறது.